நூற்றுக்கு ஆறு

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் சேரப்பணஞ்சேரியில் நயினாருக்கு மவுசு கூடிவிடும். மற்ற பதினோரு மாதமும் அவனை யாருக்கும் பிடிக்காது. ஒரகடத்தில் கார்க் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனியில் அவன் குவாலிட்டி பார்க்கிறவன். ஒரு மில்லிமீட்டர் கூடிவிட்டால் மொத்தப் பெட்டியையும் திருப்பிவிடுவான். லைனில் நிற்கிறவர்கள் அவன் வம்சத்தையே வாய்க்குள் திட்டுவார்கள். ஜூலையில் அதே ஆட்கள் பான் கார்டையும் பாஸ்புக்கையும் பிளாஸ்டிக் கவரில் சுருட்டிக்கொண்டு, 'அண்ணாச்சி' என்று வாசலில் வந்து நிற்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வருமான வரிக் கணக்கு போட்டுக்கொடுப்பது அவன் செய்கிற உபகாரம். படப்பையில் பிரவுசிங் சென்டர்க்காரன் ஆளுக்கு எழுநூறு வாங்குகிறான். திரும்பி வருகிற பணத்திலும் பங்கு கேட்கிறான். நயினார் சல்லிக்காசு வாங்குவதில்லை. "கவர்ன்மென்டே சும்மா போட்டுக்கோன்னு சைட்டத் தொறந்து வச்சிருக்கான். இதுல நான் என்னத்துக்குல துட்டு வாங்கணும்?" என்பான். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை ஏறும். காசு வாங்காமல் செய்கிறவனை யாரும் குறை சொல்ல முடியாது என்று அவன் உள்ளபடியே நம்பியிருந்தான்.

களக்காட்டுப் பக்கத்து ஆள். வயது முப்பத்தெட்டு. பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, யேசுராஜ் கட்டி வாடகைக்கு விட்டிருந்த தகரக்கூரை வரிசை வீடுகளில் மூன்றாவது அறையில் இன்னும் இரண்டு பேரோடு இருந்தான். நான்காவது அறையில் அருள்பாண்டி, அவன் மனைவி பாண்டிச்செல்வி, ஐந்து வயதுப் பிள்ளை சுகப்பிரியா. கயத்தாற்றுக்குத் தெற்கே இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஊர் அவர்களுக்கு. அருள்பாண்டி அதே கம்பெனியில் போர்க்லிப்ட் ஓட்டினான். இரண்டு டன் பாரத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு அடுக்குக்கு நடுவே பின்பக்கமாகவே வண்டியைக் கொண்டுவருவான். கூட நிற்கிறவர்களுக்குத்தான் வயிறு கலங்கும்.

கூலிக்காரர்களுக்கு வரிக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். எல்லாம் காண்டிராக்டர் சக்திகுமார் செய்த கைங்கரியம். இரண்டு வருடத்துக்கு முன் எல்லோரையும் கேன்டீனில் உட்கார வைத்து, இனிமேல் நீங்கள் யாரும் என் ஆட்கள் இல்லை, ஆளாளுக்குச் சொந்தத் தொழில் செய்கிறவர்கள், பில் போட்டுப் பணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றான். பி.எப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, கம்பெனி பஸ்ஸும் கிடையாது. அதற்குப் பதில் கையில் வருகிற பணம் இரண்டாயிரம் கூடியது. கூடிய இரண்டாயிரம்தான் அன்றைக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. யார் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போட்டார்கள், நயினார் உட்பட. பில்லுக்குப் பணம் கொடுத்தபோது நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடித்து சக்திகுமார் அரசாங்கத்துக்குக் கட்டினான். அந்த ஒரு ரூபாயைத் திரும்ப வாங்கத்தான் இந்த ஜூலைத் திருவிழா.

அந்த வருடம் அருள்பாண்டிக்குப் போட்ட ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். நயினார் நான்காவது அறையின் வாசற்படியில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். உள்ளே பாண்டிச்செல்வி கருவாட்டுக்குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். கணக்குக்குக் காசு வாங்காதவன் குழம்புக்கு வேண்டாம் என்று சொல்லமாட்டான்.

"என்ன தொழில்னு கேக்கான் தம்பி. இந்த லிஸ்டுல போர்க்லிப்ட் ஓட்டுததுன்னு எதும் இல்ல. மற்ற சேவைகள்னு ஒண்ணு கெடக்கு. அதப் போட்டுருதேன்."

"எதையாச்சும் போடுங்க அண்ணாச்சி. புடிச்ச துட்டு வந்தாச் சரி."

"மொத்த வரவு மூணு லட்சத்துத் தொண்ணூத்தாறாயிரம். மாசம் முப்பத்து மூணு விழுதுல! நல்லாத்தான் ஓ.டி. பாத்திருக்க."

"தூங்குனாத்தான அண்ணாச்சி செலவு" என்று சிரித்தான் அருள்பாண்டி.

"லாபம் எவ்வளவுன்னு கேக்கான். கொறஞ்சது நூத்துக்கு ஆறு காட்டணும். ஆறே போடுதேன்."

உள்ளேயிருந்து பாண்டிச்செல்வி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "மாசாமாசம் கவர்ன்மென்டுல எனக்கு வார ஆயிரம் ரூவா இதுனால நின்னுராதுல்ல அண்ணாச்சி?"

"ஆறு போட்டா ஒண்ணும் நிக்காது தாயி. கூடக் காட்டுனாத்தான் வம்பு."

அந்த ஆறை நயினார் ஏதோ ஒரு வீடியோவில் கற்றுக்கொண்டிருந்தான். அது கடைக்காரர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் உள்ள கட்டம். நூறு ரூபாய்க்குத் தொழில் நடந்தால், சரக்கு, கூலி, வாடகை எல்லாம் போக ஆறு ரூபாயாவது கையில் நிற்கும் என்று அரசாங்கம் ஒத்துக்கொள்கிற கணக்கு. அருள்பாண்டிக்குச் சரக்கு ஏது, கூலியாள் ஏது? வந்த பணம் அத்தனையும் அவன் உடம்பு உழைத்தது. ஆனால் ஆறு என்று போட்டதும் சைட் பச்சை டிக் காட்டியது. பதினெட்டாம் நாள் பிடித்த பணம் பாங்கில் வந்து விழுந்தது. இதற்குமேல் ஒரு கணக்கு சரியா தப்பா என்று பார்க்க நயினாரிடம் அளவுகோல் இல்லை. அந்த வருடம் பதினான்கு பேருக்கு ஆறு போட்டான். பதினைந்தாவதாகத் தனக்கும் போட்டுக்கொண்டான்.

அருள்பாண்டி செத்தது அக்டோபரில், ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலையில். ராத்திரி ஷிப்ட் முடிந்து ஏழு மணிக்கு பைக்கில் வந்துகொண்டிருந்தவனை, சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறிய டிரெய்லர் லாரி அடித்தது. சட்டைப்பையில் பூஜைக்குக் கம்பெனியில் கொடுத்த பொரிப் பொட்டலம் இருந்தது. நயினார்தான் ஓடினான், ஆம்புலன்ஸில் ஏறினான், செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பிணவறைக்காரனுக்குக் காகிதம் வாங்கிக்கொடுத்தான். மறுநாள் அந்த போர்க்லிப்ட்டுக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டு வேறொருவன் ஓட்டினான். ஊரில் காரியம் முடிந்து இருபதாம் நாள் பாண்டிச்செல்வி பிள்ளையோடு திரும்பி வந்தாள். லாரிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, கேஸ் போட வேண்டும், கேஸ் இங்கேதான் நடக்கும். வேறு எந்தப் பிடிமானமும் அவளுக்கு இல்லை.

ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்கு மேலே வக்கீல் செல்வலட்சுமியின் ஆபீஸ். கார்த்திகை மழை ஜன்னல் வழியாகச் சாரலடித்து பைல்களை நனைத்துக்கொண்டிருந்தது. வக்கீலம்மா ஐம்பது வயதுக்காரி. வாய் கறார், கை சுத்தம் என்று பேர்.

"லாரிக்காரன் மேல தப்புன்னு எப்.ஐ.ஆர்.லயே இருக்கு. அதுல பிரச்சினை இல்ல" என்றாள். "இனி எல்லாமே அவர் மாசம் எவ்வளவு சம்பாதிச்சார்ங்கிறதுலதான் இருக்கு. அந்தத் தொகைய வெச்சுத்தான் பெருக்குவாங்க. சம்பளச் சீட்டு இருக்கா?"

"சீட்டெல்லாம் குடுக்க மாட்டாங்கம்மா. பில்லுதான். ஆனா ஐ.டி. ரிட்டர்ன் இருக்கு!" என்றான் நயினார். அவன் குரலில் ஜூலை மாதத்துப் பெருமை இன்னும் மிச்சமிருந்தது. பிரின்ட் எடுத்து மடிப்புக் கலையாமல் வைத்திருந்ததை நீட்டினான்.

வக்கீலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். இரண்டாவது பக்கத்தில் நிறுத்தி, மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"மொத்த வரவு மூணு லட்சத்துத் தொண்ணூத்தாறாயிரம். வருமானம் இருபத்து மூவாயிரத்து எழுநூத்து அறுபது."

"ஆமாம்மா. ஆறு பர்சென்ட்."

"வருஷத்துக்கு. அப்படின்னா மாசம் ரெண்டாயிரம் ரூபா கூட இல்ல."

நயினாருக்கு அப்போதுதான் உறைத்தது. 

"பாங்கு பாஸ்புக்குல மாசம் முப்பத்து மூணு ஏறிருக்கேம்மா" என்றாள் பாண்டிச்செல்வி.

"ஏறிருக்கும்மா. இன்ஷூரன்ஸ் வக்கீல் என்ன கேப்பான் தெரியுமா? அது தொழில்ல வந்த பணம், ஆளுக்கும் சரக்குக்கும் போனது போக எனக்கு நின்னது மாசம் ரெண்டாயிரம்தான்னு உங்க வீட்டுக்காரரே கவர்ன்மென்டுக்கு எழுதிக் குடுத்திருக்காரே, அப்படின்னு கேப்பான்." வக்கீலம்மா காகிதத்தை மேசையில் போட்டாள். "எதுக்கு இந்தக் கூத்து? இந்தத் தொகைய முழுசாவே வருமானம்னு காட்டியிருந்தாலும் ஒத்த ரூபா வரி கிடையாது. புடிச்ச பணமும் இதே மாதிரி திரும்பி வந்திருக்கும்."

மழை ஓங்கிப் பெய்தது. பக்கத்து அறையில் டைப் அடிக்கும் சத்தம்.

"சரி, வழி இல்லாம இல்ல. இதைப் போட்டுக் குடுத்தது யாரு? அவரைக் கூட்டிட்டு வாங்க. கூண்டுல ஏறி, இவர் தினம் வேலைக்குப் போன போர்க்லிப்ட் டிரைவர், சொந்தத் தொழில் எதுவும் கிடையாது, விவரம் தெரியாம நான்தான் ஆறு பர்சென்ட் போட்டேன்னு சொல்லட்டும். அது போதும் எனக்கு. அதை வெச்சே காண்டிராக்டரையும் இழுத்துருவேன். ஐம்பது லட்சத்துக்குக் குறையாம வாங்கித்தரேன். யாரு போட்டது?"

பாண்டிச்செல்வி நயினாரின் முகத்தைப் பார்த்தாள்.

நயினாருக்கு ஒரே சமயத்தில் பல விஷயம் ஞாபகம் வந்தது. சக்திகுமார் ஞாபகம் வந்தான். ஆறு போட்ட மற்ற பதிமூன்று பேரும் ஞாபகம் வந்தார்கள். தன் பேரில் போட்ட ஆறும், பொய்க் கணக்குக்கு ஜெயில் என்று எங்கோ படித்ததும் ஞாபகம் வந்தன.

"படப்பையில ஒரு பிரவுசிங் சென்டர்மா" என்றான். "இப்ப கடையக் காலி பண்ணிட்டுப் போயிட்டான்."

பாண்டிச்செல்வி குனிந்து பிள்ளையின் செருப்பு வாரை மாட்டிவிட்டாள்.

அவளுக்கு விவரம் புரியவில்லை என்று நயினார் தன்னைத் தேற்றிக்கொண்டான். எட்டாவது படித்த பெண். வாசற்படியில் உட்கார்ந்து போட்டது எது, கோர்ட்டில் கேட்கிற காகிதம் எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மனுஷன் தனக்குத் தேவையானதை எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறான்!

சாயங்காலம் வீட்டுக்காரம்மா அன்னபுஷ்பம் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தவள் இவர்களைப் பார்த்ததும் இறங்கி வந்தாள். "இன்னா நயினாரு, வக்கீலம்மா இன்னா சொல்லிச்சு?"

பாண்டிச்செல்வி முந்திக்கொண்டாள். "வரிக் கணக்குல கம்மியாப் போட்டிருக்காம்க்கா. கடைக்காரரு போட்ட தப்பாம்."

"எந்தக் கடக்காரன்? நீதான நயினாரு படியாண்ட குந்திக்கினு போனை நோண்டிக்கினு இருந்த? நான் பாத்துக்கினுதான இருந்தேன்?"

"அது வேறக்கா" என்று சொல்லிவிட்டுப் பாண்டிச்செல்வி கதவைத் திறந்து உள்ளே போனாள். நயினாருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவள் நிஜமாகவே அது வேறு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நாலு நாள் கழித்து சக்திகுமார் அவனை ஸ்டோர் பக்கம் கூப்பிட்டான். மண்ணூர்க்காரன். வெள்ளைச் சட்டை, மூன்று போன்.

"அந்த அருள்பாண்டி கேசுல யாரோ பொம்பள வக்கீலு நோட்டீஸ் வுட்டுக்கிறா. நம்ம ஆளான்னு கேட்டு. நான் இல்லன்னுட்டேன். அவன் வெண்டரு. பில்லு கீது, கையெழுத்து கீது. நீ கோர்ட்டு கீர்ட்டுன்னு சுத்திக்கினு கீறியாமே?"

"தொணைக்குப் போனேன் சார். பொம்பளப்புள்ள தனியா…"

"தொணைக்குப் போ, வேணான்னு சொல்லல. வாய மட்டும் மூடிக்கினு போ. தைப் பொறந்தா நாலு பேரை கம்பெனி ரோல்ல ஏத்தச் சொல்லிக்கிறாங்க. பி.எப்., பஸ்ஸு, எல்லாம். உன் பேரத்தான் மொதல்ல எழுதி வச்சிக்கிறேன்."

நயினார் தலையாட்டினான். பத்து வருடமாக அவன் காத்திருந்த வார்த்தை அது. ஊரில் மனைவி ஒவ்வொரு போனிலும் கேட்கிற கேள்வி அது. 

ஆனாலும் அவன் கெட்டவன் இல்லை. அருள்பாண்டியின் வீட்டில் சாப்பிட்ட சோறு அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. கூண்டில் ஏறாமல், சக்திகுமாரைப் பகைக்காமல், அந்தப் பெண்ணுக்கும் நியாயம் கிடைக்க ஒரு வழி வேண்டும். தேடியவனுக்குப் போனிலேயே வழி கிடைத்தது. தப்பாகப் போட்ட கணக்கை டிசம்பர் முடிவதற்குள் திருத்திப் போடலாம். அதற்கும் காசு கிடையாது.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தான். அறையில் யாருமில்லை. சாப்பிடக்கூட இல்லை, ஈரத் துணிகள் தொங்குகிற கொடிக்குக் கீழே உட்கார்ந்து அருள்பாண்டியின் பான் நம்பரைப் போட்டான். எல்லோருக்கும் அவன் வைத்திருந்தது ஒரே பாஸ்வேர்டுதான். 'வணக்கம் அருள்பாண்டி' என்று சைட் வரவேற்றது. நயினார் போனைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் வேலையைப் பார்த்தான். லாபக் கட்டத்தில் முழுத் தொகையையும் போட்டான். கட்ட வேண்டிய வரி: பூஜ்யம். வக்கீலம்மா சொன்னது அட்சரம் பிசகாமல் சரியாக இருந்தது. அன்றைக்கே இதைப் போட்டிருக்க எனக்கு என்ன கேடு வந்தது என்று தன்னையே நொந்துகொண்டான்.

கடைசியில் ஆதார் நம்பரோடு சேர்ந்த போனுக்கு ஓ.டி.பி. போயிருப்பதாகச் சொன்னது. எழுந்து போய் நான்காவது அறை வாசலில் நின்றான். பாண்டிச்செல்வி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"செல்வி, தம்பியோட போன சார்ஜு போட்டுத்தான வச்சிருக்க? அதுல ஒரு நம்பரு வந்திருக்கும். பாத்துச் சொல்லு தாயி."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து போனை எடுத்தாள். திரையில் அருள்பாண்டியும் பிள்ளையும் வல்லக்கோட்டைக் கோயில் வாசலில் நிற்கிற போட்டோ. "எதுக்கு அண்ணாச்சி இது?"

"கேசுக்குத்தான். கடைக்காரன் போட்ட தப்பச் சரி பண்ணுதேன்."

"அவுக பேருக்கு எதும் வில்லங்கம் வந்துராதே?"

"நான் இருக்கேம்லா?"

அவள் ஒவ்வொரு எண்ணாக வாசித்தாள். இடையில் ஒரு தடவை குரல் தடுமாறி முதலிலிருந்து வாசித்தாள். பச்சை டிக் வந்தது.

மறுநாள் பெர்மிஷன் போட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர் போனான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின நெருக்கடியில் வக்கீலம்மா கோர்ட்டில் இருந்தாள். குமாஸ்தாவிடம் புதுப் பிரின்ட்டைக் கொடுத்து, "இதான் சரியான ரிட்டர்ன். கடைக்காரன்ட்ட கேட்டு வாங்கிட்டேன்" என்றான். குமாஸ்தா மற்ற காகிதங்களோடு சேர்த்துத் தைத்து கோர்ட்டில் போட்டுவிட்டான். நயினார் வெளியே வந்து ஒரு டீ குடித்தான். அந்த டீ நன்றாக இருந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கினான்.

ஜனவரி வாய்தாவில் இன்ஷூரன்ஸ் வக்கீல் எழுந்து, "கனம் கோர்ட்டாரே, இறந்துபோனவர் எழுபது நாள் கழித்துத் தானே வந்து ரிட்டர்ன் தாக்கல் செய்து, ஆதார் வைத்து உறுதியும் செய்திருக்கிறார்" என்றாராம். கோர்ட்டே சிரித்ததாம். வக்கீலம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அன்று பகல் அவளுடைய ஆபீஸில் பாண்டிச்செல்வியும் நயினாரும் நின்றுகொண்டே இருந்தார்கள், உட்காரச் சொல்லவில்லை.

"இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு தலைகுனிவு எனக்கு வந்ததில்ல. ஒவ்வொரு காகிதத்துலயும் தேதி இருக்கும்னு தெரியாதா? கடையக் காலி பண்ணிட்டுப் போனவன் எங்கேருந்து வந்தான்?"

பதிலுக்குக் காத்திராமல் வக்கீலம்மா இரண்டாவது ரிட்டர்னைப் புரட்டினாள்.

"ஓ.டி.பி. எந்த போனுக்கு வந்துச்சு?"

"எங்க வீட்டுக்காரரு போனுக்கும்மா" என்றாள் பாண்டிச்செல்வி. "எங்கிட்டதான் இருக்கு. நாந்தான் வாசிச்சுக் குடுத்தேன்."

"யாருக்கு?"

இதோ சொல்லப்போகிறாள் என்று நயினார் நின்றான். சொல்லிவிட்டால் தேவலை என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"போன்ல கேட்டாகம்மா. ஆருன்னு தெரியல."

வக்கீலம்மா அவளையே பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள். "உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுட்டம்மா. முதல் ரிட்டர்ன்ல ரெண்டாயிரம். ரெண்டாவது ரிட்டர்ன் போர்ஜரி. போர்ஜரின்னு அவங்க மனு போட்டா உன் மேலயே கிரிமினல் கேஸ் வரும். அவங்க இப்ப சமரசத்துக்குக் கூப்பிடறாங்க. பன்னெண்டு லட்சம். நான் பேசி ஒண்ணோ ரெண்டோ ஏத்தறேன். வாங்கிட்டு ஊருக்குப் போய்ச் சேரு."

பாண்டிச்செல்விக்கு அழுகை வரவில்லை. பிள்ளையின் படிப்பு, மாமியாரின் மூட்டு வைத்தியம், ஊரில் பாதி எழும்பி நிற்கிற சுவர் என்று அவள் மனதில் ஐம்பது லட்சத்துக்கும் ஒரு திட்டம் இருந்தது. அதெல்லாம் அந்த அறையிலேயே முடிந்துபோனது. நயினார் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. அவன் சட்டைப்பையில் புது அடையாள அட்டை இருந்தது, கம்பெனி பேர் போட்டு.

மார்ச் மாதம் லோக் அதாலத் சமரசத்தில் பதினான்கு லட்சத்துக்கு முடிந்தது. ஷாமியானா பந்தலில் வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். கூப்பிட்டதும் போய்ப் பாண்டிச்செல்வி ஐந்து இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மாமியாரின் கைநாட்டு தபாலில் முன்பே வந்துவிட்டது. மொத்தமே பத்து நிமிஷம்.

நயினார் லீவு போட்டுவிட்டு வந்து, அவளுடைய இரண்டு பைகளையும் சாக்கு மூட்டையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தான். கிளாம்பாக்கம் போய் அங்கிருந்து ஊர் பஸ் ஏற வேண்டும். வெயில் ஏறிவிட்டது. கன்டெய்னர் லாரிகள் கிளப்பிய புழுதி பிளாட்பாரத்துப் பழக்கடை வரை வந்தது. பிள்ளைக்கு இரண்டு கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தான். பாண்டிச்செல்வி அதற்குக் காசு கொடுக்க வந்தாள்; அவன் மறுத்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை.

"அண்ணாச்சி" என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "வக்கீலம்மா மொதமொதல்ல யாரு போட்டதுன்னு கேட்டப்ப, உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன். சொல்லுவீகன்னு."

நயினார் பைகளைக் கீழே இறக்கி வைத்தான்.

"கடைக்காரன்னு சொன்னீக. சரி, பயந்துட்டாக, நாளைக்குச் சொல்லுவாகன்னு நெனச்சேன். அந்த நம்பர வாசிக்கச் சொன்னப்பயும் நெனச்சேன், என்னமோ செய்தாக, நல்லதுக்குத்தான்னு. கடேசியா நிக்க வச்சுக் கேட்டாகள்ல, அப்பவாச்சும் சொல்லுவீகன்னு பாத்தேன்."

"நீ சொல்லிருக்கலாம்லா செல்வி…"

"எம் புருசன் அண்ணாச்சின்னு கூப்பிட்ட ஆளு. ஆம்புலன்ஸ்ல அவுக தலய மடியில வச்சுக்கிட்டுப் போன ஆளு. நான் எப்படிக் காட்டிக்குடுக்க? நீங்களாச் சொன்னாத்தான உண்டு?"

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அவனுக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும். பிள்ளை கொய்யாவைக் கடித்துவிட்டு விதை பல்லில் மாட்டிக்கொண்டதைக் காட்டியது. அவள் விரலால் எடுத்துவிட்டாள்.

"இப்ப ஒரே ஒரு காரியம் செய்ங்க. கைநாட்டு வாங்க வந்த காயிதத்த ஊருல எவனோ எங்க மாமியாட்ட வாசிச்சுக் காட்டிட்டான். உன் மகன் மாசம் ரெண்டாயிரம்தான் சம்பாதிச்சானாம், முப்பத்து மூவாயிரம்னு உம் மருமவ கத விட்டிருக்கான்னு. மிச்சத் துட்ட நான் என்ன பண்ணுனேன்னு அது கேக்கு. அங்கதான நான் இனி போயிப் பொழைக்கணும்? நீங்க உங்க வாயால சொல்லுங்க."

அருள்பாண்டியின் போனில் நம்பரைத் தட்டி அவன் கையில் கொடுத்தாள். மணி போனது. பஸ்களின் ஹாரனுக்கு நடுவே அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். பக்கத்தில் நின்று அவள், வக்கீல் ஆபீஸில் முதல் தடவை பார்த்த மாதிரியே அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆரு பேசுதது?"

"நயினார் பேசுதேம்மா. அருள்பாண்டி கூட வேல பாத்தவன். பக்கத்து ரூமு."

"சொல்லுய்யா."

"ஒங்க மகன் மாசம் முப்பத்து மூவாயிரம் சம்பாதிச்சாம்மா. ராத்திரி பகல் பாக்காம வண்டி ஓட்டிச் சம்பாதிச்சான். செல்வி சொன்னதுதான் நெசம். அந்த ரெண்டாயிரம்னு எழுதுனது அவன் இல்ல. நாந்தான் எழுதுனேன். வெவரம் தெரியாம எழுதிட்டேன். எல்லாத் தப்பும் எம்மேலதாம்மா."

சொல்லி முடித்ததும் அவன் அழுதுவிட்டான். நாலு மாதமாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததை இறக்கி வைத்த அழுகை அது.   மறுமுனையில் கிழவி, ஏதோ வழி கிடைத்துவிட்டது போன்ற அவசரத்தோடு கேட்டாள்.

"இதக் கோர்ட்ல சொல்லிட்டியாய்யா?"